சாலை உயர்கிறது! கம்பி தாழ்கிறது! பழி மட்டும் யார் மீது?

கோவை உக்கடம் மேம்பாலத்தின் வேலை 2018ல் தொடங்கிற்று. 2024 ஆகஸ்ட் 9ந் தேதி பாலம் திறக்கப்பட்டது. நீளம் 3.8 கிலோமீட்டர். செலவு 481 கோடி ரூபாய். நாலு கிலோமீட்டர்கூட இல்லாத பாலத்துக்கு ஆறு வருஷம்! அந்த ஆறு வருஷமும் உக்கடத்துக்கும் ஆத்துப்பாலத்துக்கும் நடுவே புழுதியைக் குடித்துக்கொண்டு, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதே என்று பஸ்ஸில் தொங்கியவர்கள் நாம்தான். கொரோனா வந்தது, நிலமெடுப்பு இழுத்தது என்று பல காரணங்கள் சொன்னார்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வந்த காரணம் ஒன்று உண்டு: உயர் அழுத்த மின் கோபுரங்கள் பாலத்துக்குக் குறுக்கே நிற்கின்றன, அவற்றை அகற்றுவதில் தாமதம் என்பதே அது.

குறுக்கே நின்றனவாம்! ராத்திரியோடு ராத்திரியாக நடந்துவந்து பாலத்தின் வழியிலே குந்திக்கொண்டனவா அந்தக் கோபுரங்கள்? பாலத்துக்குப் படம் வரைந்த காகிதம் பிறக்கும் முன்பே அங்கே நின்றவை அவை. அண்ணாந்து பார்த்த எவனுக்கும் தெரியும். உக்கடம் பஸ் ஸ்டாண்டில் கடலை விற்கிறவருக்குத் தெரியும். டெண்டர் விட்ட உத்தியோகஸ்தர்களுக்கு மட்டும் தெரியாமல் போயிற்று என்றால் நாம் நம்பவேண்டுமா?

தெரியாமல் அல்ல. முதலில் சாலைக்குக் காண்டிராக்ட் விடுவது, அஸ்திவாரக் கல் நாட்டிப் படம் பிடித்துக்கொள்வது, பிறகு யந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "அடடா, இங்கே மின்கம்பம் இருக்கிறதே!" என்று தலையில் கை வைப்பது. இதுதான் நம் நாட்டில் சாலை போடும் முறையாகிவிட்டது. கடைசியில் மின் கோபுரத்தை அகற்றி, மின்பாதையைப் பூமிக்கு அடியில் கேபிளாகக் கொண்டுபோகத்தான் வேண்டியிருந்தது. அந்த வேலையை முதலில் செய்திருந்தால் என்ன? எந்தச் சாஸ்திரம் தடுத்தது?

இதை ஒரு நிர்வாகக் குளறுபடி என்று சொல்லி விட்டுவிட முடியாது. இந்தக் குளறுபடியில் சிலருக்கு லாபம் இருக்கிறது. சிலருக்கு உயிர் போகிறது. லாபமும் உயிரும் ஒரே வீட்டில் இல்லை.

கம்பி வந்த கதை

1932ல் நீலகிரி மலையில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. மலையிலிருந்து கம்பி கோவைச் சமவெளிக்கு இறங்கியது. அதன் பிறகுதான் இந்தச் சீமையில் மில்லுக்குப் பக்கத்தில் மில்லாக எழும்பிற்று. மாட்டைக் கட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் மோட்டார் பம்பு வந்தது. மழை குறைந்த, ஆற்றுப் பாசனம் எட்டாத வறண்ட மேட்டுக் காட்டில் பருத்தியும் கரும்பும் விளைந்தது வருணபகவானால் அல்ல, அந்தக் கம்பியால்.

1957 ஜூலை 1ந் தேதி தமிழ்நாடு மின்சார வாரியம் தொடங்கியது. ஊர் ஊராகக் கம்பி போயிற்று. 2010ல் வாரியத்தை உடைத்தார்கள், 2024ல் மறுபடி உடைத்தார்கள். இப்போது அதற்குப் பல பெயர்கள், எல்லாம் கம்பெனிப் பெயர்கள். ஜனங்கள் இன்னமும் "ஈ.பி." என்கிறார்கள், "வாரியம்" என்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம். அது பொதுச் சொத்து என்கிற நினைப்பாவது அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கட்டும்.

இந்தக் கம்பியை நம் ஜனங்கள் இரத்தம் சிந்திக் காத்திருக்கிறார்கள். 1970 ஜூனில், மின் கட்டண உயர்வை எதிர்த்துக் கிளம்பிய விவசாயிகள் மீது பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டது. மூன்று பேர் மாண்டார்கள். சில பைசா உயர்வுக்காகவா இத்தனை என்று அன்று பட்டணத்துக் கனவான்கள் கேட்டார்கள். 1972லும் துப்பாக்கி பேசியது. இத்தனைக்கும் பிறகு 1990ல்தான் எல்லா விவசாய பம்புசெட்டுகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. ஆகவே மின்கம்பம் என்பது நமக்கு வழியிலே நிற்கும் இடைஞ்சல் அல்ல. அதை இடைஞ்சல் என்று முதலில் சொன்னவன் யாரென்று பார்த்தால், அவன் கையில் சாலைக் காண்டிராக்ட் இருக்கும்.

ஏறுகிறவன் யார்?

ஒரு லைனை இடம் மாற்றுவது எப்படி என்பதை, கம்பத்தில் ஏறாத நம் வாசகத் தோழர்களுக்காகக் கொஞ்சம் விளக்கவேண்டும். முதலில் சாலையின் புது எல்லைக்கு வெளியே புதுக் கம்பங்கள் நடவேண்டும். கம்பத்தின் நீளத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்கவேண்டும் என்பது கணக்கு. திரும்பும் இடங்களில் ஸ்டே கம்பி கட்டவேண்டும். புதுக் கம்பி இழுக்கவேண்டும். எல்லாம் தயாரான பிறகு ஒரு நாள் குறித்து, மின்சாரத்தை நிறுத்தி, பழைய லைனிலிருந்து புதிய லைனுக்கு இணைப்பை மாற்றவேண்டும். அந்த நாளில் "லைன் கிளியர்" வாங்காமல் ஒருவனும் கம்பத்தில் கால் வைக்கக் கூடாது. ஏ.பி. சுவிட்சைத் திறந்து பூட்டுப் போடவேண்டும். வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் கம்பிக்கு எர்த் ராடு மாட்டவேண்டும். நிறுத்திய லைனில் மின்சாரம் வராது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பக்கத்து ஆலையின் ஜெனரேட்டரிலிருந்து திரும்பி வரும். குறுக்கே போகும் வேறு லைனிலிருந்து வரும். எர்த் ராடு இருந்தால் ஆள் பிழைப்பான். இல்லாவிட்டால் கீழே நிற்பவன் மேலே பார்த்து அலறத்தான் முடியும்.

இதெல்லாம் வாரியத்தில் இருபது வருஷம் கம்பம் ஏறிய நிரந்தர லைன்மேனுக்குப் பாடம். ஆனால் சாலை அகலப்படுத்தும் வேலையில் ஏறுகிறவன் யார்? பெரிய நெடுஞ்சாலைத் திட்டங்களில் ஒரு வசதியான முறை கண்டுபிடித்திருக்கிறார்கள். வாரியம் மேற்பார்வைக் கட்டணம் என்று மதிப்பீட்டில் ஒரு சிறு பங்கை வாங்கிக்கொள்ளும். லைனை மாற்றும் வேலையைச் சாலைக் காண்டிராக்டரே தன் ஆட்களை வைத்துச் செய்துகொள்வார். அவர் அதை ஒரு உள்காண்டிராக்டருக்குத் தருவார். உள்காண்டிராக்டர் ஒரு மேஸ்திரியைப் பிடிப்பார். மேஸ்திரி சங்ககிரியிலோ அரூரிலோ, இப்போதெல்லாம் பீகாரிலோ ஒடிசாவிலோ ஆள் பிடிப்பார். சாலை ஓரத்துத் தகரக் கொட்டகையில் தூங்கி எழுந்து, ரப்பர் செருப்போடு கம்பத்தில் ஏறுகிறவன் அந்த ஐந்தாவது ஆள். மேற்பார்வை என்பது ரசீதில் இருக்கிறது. மேற்பார்வை பார்க்கும் கண்ணுக்குச் சொந்தக்காரரான உதவிப் பொறியாளருக்கு ஒரே பிரிவில் பத்து கிராமமும் நூற்றுக்கணக்கான டிரான்ஸ்பார்மரும் இருக்கின்றன. அவர் எந்தச் சாலையில் போய் நிற்பார்? அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. காலியிடத்தை நிரப்பாமல் வைத்திருப்பவர்களைத்தான் சொல்லவேண்டும்.

சில மாதங்களுக்கு முன்பு சங்க ஆபீசுக்கு ஒரு இளைஞர் வந்தார். இரண்டு கையிலும் கட்டு. வாரியத்திலும் அவர் பெயர் இல்லை, சாலைக் கம்பெனியிலும் இல்லை. மேஸ்திரியின் நோட்டில் மட்டும் பென்சிலால் எழுதியிருந்ததாம்.

"லைன் ஆப் பண்ணியாச்சான்னு கேட்டியா தம்பி?" என்று நம் தோழர் ஒருவர் கேட்டார்.

"கேட்டனுங்ணா. போன்ல பேசியாச்சு, ஏறுன்னாருங்க மேஸ்திரி."

"எர்த் ராடு மாட்டினாங்களா?"

"அது வண்டியில இருந்துச்சுங்ணா."

வண்டியில் இருந்த எர்த் ராடு! இதற்கு மேல் இந்த முறையைப் பற்றி எழுத நமக்கு வார்த்தை இல்லை. அந்தத் தம்பிக்கு வைத்தியச் செலவு வாங்கவே யாரை எதிர்க்கட்சியாகப் போடுவது என்று தெரியாமல் மூன்று ஆபீஸ் படியேறினோம். ஒவ்வொரு ஆபீசும் அடுத்த ஆபீசைக் கை காட்டிற்று. 2003ம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 161வது பிரிவு, மின்சாரத்தால் மனிதனுக்கோ மிருகத்துக்கோ விபத்து நேர்ந்தால் அறிவிப்புக் கொடுக்கவேண்டும், மின் ஆய்வாளர் விசாரிக்கலாம் என்கிறது. அறிவிப்பே கொடுக்காத விபத்தை யார் விசாரிப்பது?

வாரியத்தில் பல வருஷமாக உழைக்கும் காண்டிராக்ட் தொழிலாளர்களின் கதையும் இதற்குச் சித்தப்பன் மகன்தான். 2018 பிப்ரவரி 22ந் தேதி ஒப்பந்தத்தில் அவர்களுக்குத் தினக்கூலி 380 ரூபாய் என்று பேசி முடித்தார்கள். அதை வாரியமே நேரடியாகக் கொடு என்று அவர்கள் தெருவில் நின்றதை நாடு பார்த்தது. 2021ல் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் "கேங்மேன்" என்று எடுத்தார்கள். குழி தோண்டுவதும் கம்பம் நடுவதும் அவர்கள் வேலை. ஆனால் ஆள் பற்றாத இடத்தில் அவர்களைக் கம்பத்தில் ஏற்றினார்கள், அதில் உயிர்களும் போயின.

கேபிள் அறுந்தால் யார் கூலி அறும்?

அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் உயர்மட்டப் பாலம் 2025 அக்டோபர் 9ந் தேதி திறக்கப்பட்டது. ஜி.டி.நாயுடு பெயர் வைத்திருக்கிறார்கள். மோட்டாரையும் யந்திரத்தையும் தன் கையால் பிரித்துப் பார்த்தவர் பெயர், நல்லதுதான். இப்படி ஒரு நகரத்துச் சாலையில் தூணுக்குக் குழி தோண்டும்போது அந்த மண்ணுக்குள் என்னென்ன இருக்கின்றன என்று நினைத்துப் பாருங்கள். மின் கேபிள், குடிநீர்க் குழாய், சாக்கடை, டெலிபோன் கேபிள், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று. எந்தக் கேபிள் எங்கே போகிறது என்பது எந்தக் காகிதத்தில் இருக்கிறது? பாதி இடங்களில் அது ரிட்டையரான லைன் இன்ஸ்பெக்டரின் ஞாபகத்தில் இருக்கிறது.

உயர் அழுத்தக் கேபிளை ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்தில் மணல் பரப்பிப் புதைத்து, மேலே செங்கல் அடுக்கி மூடவேண்டும். தோண்டுகிறவன் செங்கலைக் கண்டதும் நிறுத்திக்கொள்வான் என்பதற்காக அந்த ஏற்பாடு. கடப்பாரை பிடித்த கூலிக்காரன் நிறுத்துவான். பொக்லைன் நிறுத்துமா? ஒரே வாரலில் மணல், செங்கல், கேபிள் எல்லாம் அதன் வாய்க்குள் போய்விடும். அப்புறம் இரண்டு பக்கமும் தோண்டி, ஈரத்தை வெட்டி எறிந்து, ஜாயிண்ட் போட்டு, சோதித்து, மின்சாரம் விடவேண்டும். ஒரு நாளும் ஆகும், இரண்டு நாளும் ஆகும். மறுநாள் பத்திரிகையில் "மின் தடை: பொதுமக்கள் அவதி" என்று நாலு வரி வரும். வாரியத்தைத் திட்டித் தலையங்கமும் வரும். யார் தோண்டினான் என்பது வராது!

அந்த இரண்டு நாளில் விசைத்தறிக்காரனுக்கு என்ன ஆயிற்று? சோமனூரிலும் பல்லடத்திலும் தறி ஓட்டுகிறவனுக்கு மீட்டர் கணக்கில் கூலி. கரண்ட் இல்லையென்றால் மீட்டர் இல்லை, கூலி இல்லை. தறிக்கூடத்தின் திண்ணையில் உட்கார்ந்து பீடி பிடிக்கலாம். மில்லுக்கு வாருங்கள். மின்சாரக் குறைவால் வேலை கொடுக்க முடியாவிட்டால் லே-ஆஃப், அதற்குப் பாதிச் சம்பளம் என்று 1947ம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. ஆனால் யாருக்கு? ஒரு வருஷம் தொடர்ந்து வேலை செய்து மஸ்டர் ரோலில் பெயர் உள்ளவருக்கு. பதிலிக்கு இல்லை, அன்றாடக் கூலிக்கு இல்லை. ஐம்பது பேருக்குக் குறைந்த தொழிற்கூடத்துக்கு இல்லை. இன்று கோவை மில்களில் நிரந்தரத் தொழிலாளி எத்தனை பேர், ஹாஸ்டலில் தங்கவைத்து வேலை வாங்கும் வெளியூர்ப் பெண்கள் எத்தனை பேர் என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்லித்தான் தெரியவேண்டுமா? முதலாளிக்கு ஜெனரேட்டர் இருக்கிறது, இன்சூரன்ஸ் இருக்கிறது. கேபிளை அறுத்த காண்டிராக்டருக்குக் கொஞ்சம் அபராதம் விழலாம், விழாமலும் போகலாம். கூலி அறுந்தவனுக்கு ஜாயிண்ட் போட யாரும் வருவதில்லை.

காட்டுப்புறத்திலும் இதே கதைதான். சாலை ஓரத்து டிரான்ஸ்பார்மரை இறக்கிவைத்துவிட்டு வாரக்கணக்கில் ஏற்றாமல் போனால் மும்முனை மின்சாரம் இல்லை. தண்ணீர் பாயாத காட்டில் களையெடுக்க யார் கூப்பிடுவார்கள்? தோட்டக்காரருக்குப் பயிர் வாடும். விவசாயக் கூலிக்கு அன்றைய அடுப்பே எரியாது.

மூன்று படி ஏறிய வீடு

இனிச் சொல்லப்போவதுதான் மிகவும் முக்கியம். இது மேம்பாலத்தைப் பற்றியது அல்ல. உங்கள் ஊர் வழியாகப் போகும் சாலையைப் பற்றியது.

கொங்கு நாட்டில் எந்தச் சாலையோர ஊருக்கும் போய்ப் பழைய வீடுகளைப் பாருங்கள். ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்குள் இன்று இரண்டு படி இறங்கிப் போகிறார்கள். வீடு தாழவில்லை. சாலை உயர்ந்திருக்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே ஜல்லியும் தாரும் கொட்டிக் கொட்டி, ஒவ்வொரு தடவையும் அரையடி, ஒரு அடி. மழை பெய்தால் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது என்று ஜனங்கள் சண்டை போடுகிறார்கள். சரியான சண்டைதான். ஆனால் தலைக்கு மேலே யாரும் பார்ப்பதில்லை. சாலை ஒரு அடி உயர்ந்தால் கம்பி ஒரு அடி தாழ்ந்துவிட்டது என்றுதானே அர்த்தம்!

1956ம் வருஷத்து இந்திய மின்சார விதிகளில் 77வது விதி என்ன சொல்லிற்று? தெருவுக்குக் குறுக்கே போகும் தாழ்வழுத்தக் கம்பி தரையிலிருந்து 5.8 மீட்டர், அதாவது 19 அடி உயரத்துக்குக் குறையக் கூடாது. உயர் அழுத்தக் கம்பியானால் 6.1 மீட்டர், 20 அடி. அதே விதிகளில் 82வது விதியை நம் தோழர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்துக்கொள்ளவேண்டும். மின்பாதை போட்ட பிறகு யாராவது அதன் கீழே கட்டடம் எழுப்பினாலோ, சாலை மட்டத்தை உயர்த்தினாலோ, அதனால் இந்த இடைவெளி குறையுமானால், அவரும் அவருடைய காண்டிராக்டரும் மின்வாரியத்துக்கும் மின் ஆய்வாளருக்கும் எழுத்து மூலம் முன்னறிவிப்புக் கொடுக்கவேண்டும். ஆய்வாளர் சான்று கொடுக்கும் வரை வேலை தொடங்கக் கூடாது. லைனை மாற்றும் செலவும் அவருடையதே. காண்டிராக்டரை விதியே பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறது பாருங்கள்! 2010ல் மத்திய மின்சார ஆணையம் புதிய ஒழுங்குமுறைகள் கொண்டுவந்தபோதும் இந்த ஷரத்து இருந்தது. 2023ல் அவற்றைத் திருத்தி எழுதியபோதும் பாதுகாப்பு இடைவெளி என்பது போய்விடவில்லை.

சட்டம் இருக்கிறது. நம் ஊர்ச் சாலைக்குத் தார் போடும் முன்பு மின் ஆய்வாளரிடம் சான்று வாங்கிய காண்டிராக்டரை யாராவது கண்ணால் கண்டதுண்டா? நாம் கண்டதில்லை.

2022 ஏப்ரல் 27ந் தேதி விடியற்காலை, தஞ்சாவூருக்கு அருகே களிமேட்டில் அப்பர் விழாத் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசிற்று. 11 பேர் கருகி மாண்டார்கள், அவர்களில் சிறுவர்களும் உண்டு. அந்தச் சாலை அண்மையில் உயர்த்திப் போடப்பட்டிருந்தது என்று அப்போதே ஊரில் பேச்சு எழுந்தது. அதன் பிறகு தேர்த் திருவிழா என்றால் அதிகாரிகள் ஓடிவந்து கம்பியைப் பார்க்கிறார்கள். வேண்டியதுதான். ஆனால் தேர் வருஷத்துக்கு ஒரு நாள் ஓடுகிறது. சோளத்தட்டு ஏற்றிய லாரி, வைக்கோல் லாரி, கரும்பு டிராக்டர், தென்னை மட்டை வண்டி தினம் ஓடுகின்றன. அதன் மேல் உட்கார்ந்து வருகிறவன் நம் ஆள். கதிர் அறுக்கும் யந்திரத்தின் மேலே ஏறி நிற்கிறவன் நம் ஆள். டிப்பர் லாரி மண்ணைக் கொட்டிவிட்டுத் தொட்டியை இறக்காமலே நகரும்போது மேலே கம்பி இருந்தால், உள்ளே இருக்கும் டிரைவரும் நம் ஆள்தான்.

சாலையை அகலப்படுத்தும்போது இன்னொரு காரியமும் செய்கிறார்கள். வடிகால் தோண்டுகிறோம் என்று கம்பத்தின் காலடி மண்ணை வாரிவிடுகிறார்கள். ஸ்டே கம்பி பொக்லைனுக்கு இடைஞ்சல் என்றால் அறுத்துவிட்டுப் போகிறார்கள். கம்பம் அன்றைக்கு விழாது. ஆடிக் காற்றில் விழும். அப்போது "இயற்கைச் சீற்றம்" என்று எழுதுவார்கள்!

கேரளத்தில் முடிந்தது எப்படி?

"அப்படியானால் சாலையே வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்பார்கள். இல்லை ஐயா. மொபெட்டில் பனியன் கம்பெனிக்குப் போகிறவனுக்கும், பிரசவத்துக்குப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவனுக்கும் நல்ல சாலை வேண்டும். உங்களைவிட அதிகமாக வேண்டும். நாம் கேட்பது முறை. மின்பாதை முதலில், சாலை பிறகு. இரண்டுக்கும் ஒரே திட்டம், ஒரே பொறுப்பு.

"நடக்காத காரியம்" என்பார்கள். நம் பக்கத்திலேயே நடந்த காரியத்தைச் சொல்கிறோம். சத்தீஸ்கர் ராய்கரிலிருந்து புகளூருக்கு 800 கே.வி. மின்பாதை கொண்டுவந்தார்கள். புகளூரிலிருந்து கேரளத்துத் திருச்சூருக்கு 320 கே.வி. மின்பாதை போயிற்று. 2018லும் 2019லும் கொங்கு நாட்டு விவசாயிகள் தோட்டத்திலே கோபுரம் நடாதே, சாலை ஓரத்திலே கேபிளாகப் புதைத்துக் கொண்டுபோ என்று உண்ணாவிரதம் இருந்தார்கள், அடிபட்டார்கள், கைதானார்கள். அவர்கள் மீது பாய்ந்த சட்டம் எது தெரியுமா? 1885ல் வெள்ளைக்காரன் போட்ட தந்திச் சட்டம்! தமிழ்நாட்டின் பக்கம் கோபுரங்கள் போலீஸ் காவலோடு எழும்பின. வரப்பிலே நின்ற தென்னை போயிற்று. தென்னை போனதும் தேங்காய் போடுகிறவன் கூலி போயிற்று. அவனுக்கு நஷ்ட ஈட்டுப் பட்டியலில் இடமே இல்லை.

அதே மின்பாதை கேரள எல்லைக்குள் போனதும் என்ன ஆயிற்று? வடக்கஞ்சேரியிலிருந்து திருச்சூர் வரை சுமார் 27 கிலோமீட்டர் பூமிக்குள் இறங்கிவிட்டது. தேசிய நெடுஞ்சாலை ஓரமாகக் கேபிள் புதைக்கப்பட்டது. அந்தச் சாலை அதே காலத்தில் ஆறு வழிச் சாலையாக விரிந்துகொண்டிருந்தது, குதிரானில் மலையைக் குடைந்துகொண்டிருந்தார்கள். போக்குவரத்து நெரிசல் இருந்தது, ஜனங்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் நடந்தது! 2021 பிப்ரவரி 19ந் தேதி பிரதமரே அந்த மின்பாதையைத் தொடங்கிவைத்தார். சாலை வேலையும் மின்பாதை வேலையும் ஒரே இடத்தில் ஒரே காலத்தில் நடக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

முழுப் பாதையையும் புதைப்பதில் செலவும் சிரமமும் உண்டு என்று எஞ்சினியர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. நமக்கு எஞ்சினியரோடு சண்டையில்லை. வாளையாறுக்கு அந்தப் பக்கம் முடிந்தது இந்தப் பக்கம் ஏன் முடியாது என்று கேட்டவனுக்கு விளக்கம் சொல்லாமல், லத்தியைக் காட்டியவர்களோடுதான் சண்டை.

இப்போது கோவைக்கு மேற்கே மைல்கல்லிலிருந்து நரசிம்மநாயக்கன்பாளையம் வரை 32 கிலோமீட்டருக்கு மேல் புறவழிச் சாலைக்குத் திட்டம் போட்டு, 2023ல் முதல் கட்ட வேலையைத் தொடங்கினார்கள். அது பழைய சாலையை அகலப்படுத்துவது அல்ல, காட்டை வெட்டிப் புதிதாகப் போடும் சாலை. புதுச் சாலையில் ஓரமாகக் கேபிளுக்கு ஒரு வழி விட்டு, குறுக்கே நாலு இடத்தில் குழாய் புதைத்து வைப்பதற்கு என்ன தடை? இன்று விடாவிட்டால், ஐந்து வருஷம் கழித்துப் புதுத் தாரை வெட்டிப் போடுவார்கள். அந்த வெட்டுக்கும் ஒரு டெண்டர், அதை மூடுவதற்கும் ஒரு டெண்டர். இதுதான் தடை!

ஆகவே சர்க்காரிடம் நாம் கேட்கிறோம். மின்பாதையை மாற்றி முடித்து, வாரியமும் மின் ஆய்வாளரும் கையெழுத்துப் போட்ட பிறகே சாலைக் காண்டிராக்டருக்கு நிலத்தை ஒப்படையுங்கள். லைன் வேலையை மேற்பார்வைக் கட்டணத்துக்கு விற்காதீர்கள். வாரியத்தின் சொந்தத் தொழிலாளிதான் கம்பத்தில் ஏறவேண்டும், காலியிடங்களை நிரப்புங்கள், பல வருஷமாக உழைக்கும் காண்டிராக்ட் தொழிலாளியை நிரந்தரமாக்குங்கள். கேபிளை அறுத்தவரிடம் வாங்கும் அபராதத்தில், வேலையிழந்த தறிக்காரனுக்கும் பதிலிக்கும் கூலியைக் கொடுங்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே தார் போடுகிறவருக்குப் பில் பாஸ் செய்யாதீர்கள்.

சர்க்கார் கேட்கும் வரை நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர்ச் சாலையில் ஜல்லி கொட்டத் தொடங்கும் அன்றே வேலையைத் தொடங்குங்கள். கம்பியின் உயரத்தை அளக்கிறேன் என்று மூங்கிலையோ கொம்பையோ நீட்டிவிடாதீர்கள். அது உயிரோடு விளையாட்டு. கம்பத்தின் காலில் சாலை மட்டம் எங்கே இருந்தது என்று வேலைக்கு முன்பே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு வையுங்கள். தார் போட்டு முடிந்ததும் கோடு எத்தனை அங்குலம் மூடியிருக்கிறது என்று பாருங்கள். காலடி மண் வாரியிருந்தால், ஸ்டே கம்பி அறுந்திருந்தால் போட்டோ எடுங்கள். கம்பத்தில் எண் எழுதியிருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். 94987 94987 என்ற மின்னகம் எண்ணுக்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். அதோடு நிற்காமல் பிரிவு ஆபீஸ் உதவிப் பொறியாளருக்கும், நெடுஞ்சாலை இலாகாவுக்கும், மின் ஆய்வாளருக்கும் ஒரே மனுவை மூன்று படி எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஊரில் நாற்பது பேராவது கையெழுத்துப் போடவேண்டும். விவசாயத் தொழிலாளி, தறிக்காரர், தோட்டக்காரர், லாரி டிரைவர் எல்லோரிடமும் வாங்குங்கள். நாலாவது படியைத் தேதி போட்டுச் சங்க ஆபீசில் கொடுத்து வையுங்கள். "எங்களுக்குத் தெரியாது" என்று எவனும் பிறகு சொல்லும்போது அந்தத் தேதியைத்தான் நாம் மேஜைமேல் எடுத்து வைக்கப்போகிறோம்.